பதினான்கு நாள் நோட்டீஸ்: வேலைநிறுத்தங்களும் திருச்சியின் விடுமுறைப் பயணங்களும்

2009 ஜனவரி 7, புதன்கிழமை. ஸ்ரீரங்கத்தில் அன்று வைகுண்ட ஏகாதசி. விடிவதற்கு முன்பே உற்சவர் நம்பெருமாள் ரத்னாங்கி அணிந்து பரமபத வாசலைக் கடந்தார். அதே நாளில்தான் அரசு எண்ணெய் நிறுவனங்களின் அதிகாரிகள் ஊதிய உயர்வு கேட்டு நாடு முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொழிலாளர்கள் இல்லை, அதிகாரிகள். பல ஊர்களில் பெட்ரோல் பங்க்குகள் காய்ந்தன. விமான எரிபொருள் வினியோகமும் ஆட்டம் கண்டது. மூன்றாம் நாள், ஜனவரி 9 மாலையில், போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மூன்று நாள்தான். ஆனால் ஏகாதசியிலிருந்து பத்து நாள் நடக்கும் ராப்பத்து சேவிக்க வந்து ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கும் பொங்கலுக்கு ஊருக்கு வர டிக்கெட் போட்டிருந்தவர்களுக்கும் அந்த வாரம் முழுக்கவே நிச்சயமில்லாத வாரம்.

விமானம் என்றதும் நமக்கு விமானியும் பணிப்பெண்ணும்தான் நினைவுக்கு வருகிறார்கள். திருச்சியிலிருந்து ஒரு விமானம் கிளம்ப எத்தனை அரசுக் கைகள் வேண்டும் என்பதை அந்த மூன்று நாட்கள் காட்டிக்கொடுத்தன. ஓடுபாதை, முனையம், தீயணைப்பு வண்டி, கட்டுப்பாட்டுக் கோபுரம் எல்லாம் இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில். சோதனை வாயிலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. பன்னாட்டுப் பயணம் என்றால் குடியேற்றம், சுங்கம். வானிலைத் தகவல் மத்திய அரசுத் துறையிடமிருந்து. எரிபொருளில் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களிடமிருந்து. இவற்றுக்கெல்லாம் முன்னால், பட்டுக்கோட்டையிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ பயணியைத் திருச்சிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் அரசுப் பேருந்து. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பயணம் நின்றுபோகும். ஏர் இந்தியாவை டாடா குழுமத்திடம் ஒப்படைத்த 2022 ஜனவரி 27-க்குப் பிறகு, "இனி விமானத்தில் அரசு ஊழியர் ஸ்ட்ரைக் என்ற பேச்சே கிடையாது" என்று சொன்னவர்கள் இறக்கையை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

திருச்சியின் விடுமுறைக்கு ஒரு தனி குணம் உண்டு. கோவாவுக்குப் போகிறவருக்கு விமானம் இரண்டு நாள் தள்ளிப்போனால் கடல் அங்கேயே இருக்கும். ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர் வருவது ஒரு தேதிக்கு. ஏகாதசி விடியல் ஒருமுறைதான். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடும் நாள் அது. சிங்கப்பூர் பள்ளிகளின் நவம்பர், டிசம்பர் விடுமுறையும் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் லீவும் மார்கழியோடு சேர்ந்துகொள்வதால், வருஷத்துக்கு ஒருமுறை குடும்பம் கூடுவதே அந்த நாட்களில்தான். கல்யாணம் என்றால் முகூர்த்தம். அம்மா மண்டபத்தில் செய்யவேண்டிய காரியம் என்றால் திதி. வளைகுடாவில் வேலை பார்ப்பவர் திரும்பிப் போகும் பயணம் என்றால் அதைவிடக் கெடுபிடி. குறித்த தேதியில் வேலையில் சேராவிட்டால் விசாவோ வேலையோ போகலாம். இப்படிப்பட்டவருக்கு விமானம் ரத்தாகி டிக்கெட் பணம் ஏழு நாளில் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தால் அதை நஷ்டஈடு என்று சொல்ல வாய் வராது.

ஆகவே கேள்வியைச் சரியாக வைத்துக்கொள்வது நல்லது. வேலைநிறுத்தம் பயணத்தைக் கெடுக்கிறதா? கெடுக்கிறது, அதில் விவாதமில்லை. எந்த வகை வேலைநிறுத்தம், எப்போது தெரிந்த வேலைநிறுத்தம், அதன் செலவை யார் தலையில் கட்டிய வேலைநிறுத்தம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்திய வானம் நாற்பது ஆண்டுகள் அரசின் ஏகபோகமாக இருந்தது. 1953-இல் தனியார் நிறுவனங்களை ஒன்றுசேர்த்து உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என்று பிரித்தார்கள். அந்தக் காலத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் நின்றால் நாடே தரையில் நின்றது. வேறு டிக்கெட் வாங்க வேறு கம்பெனி கிடையாது. 1973 நவம்பரில், விமானப்படையின் முன்னாள் தலைமைத் தளபதி பி.சி. லால் தலைவராக இருந்தபோது, நிர்வாகமே கதவடைப்பு அறிவித்தது. பயணிக்கு ஊழியர் நிறுத்தினாலும் ஒன்றுதான், முதலாளி பூட்டினாலும் ஒன்றுதான். ஆனால் கதவடைப்பால் கெட்ட பயணங்களை யாரும் 'ஸ்ட்ரைக்கால் கெட்டவை' என்ற கணக்கைத் தாண்டித் தனியாக எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

1992 டிசம்பரில் தொடங்கிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கும் மேல் நீண்டது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மார்கழி, பொங்கல் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. சமாளிக்க வெளிநாட்டு விமானங்களை ஆட்களோடு சேர்த்தே குத்தகைக்கு எடுத்தார்கள். அப்படி உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த டுப்போலெவ் 154 ஒன்று 1993 ஜனவரி 9 அன்று தில்லியில் மோசமான பார்வைத்தூரத்தில் இறங்கும்போது கவிழ்ந்து எரிந்தது. உள்ளே இருந்த அனைவரும் பிழைத்தது அதிசயம். விமானத் துறை அமைச்சர் மாதவராவ் சிந்தியா பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பண்டிகைக் கூட்டத்தை எப்படியாவது ஏற்றி இறக்கியாக வேண்டும் என்ற அவசரம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நம் வரலாற்றில் இல்லை. வேலைநிறுத்தத்தை 'முறியடிப்பது' என்பார்கள். முறிந்தது எது என்று பார்க்க வேண்டும்.

ஏகபோகம் 1994-இல் சட்டப்படியே முடிவுக்கு வந்தது. போராட்டம் முடியவில்லை. 2007-இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். அடுத்த ஐந்தாண்டுகளின் பெரிய வேலைநிறுத்தங்களுக்கு அந்த இணைப்புதான் வித்து. 2011 ஏப்ரல் கடைசியில், பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம ஊதியம் கேட்டு பத்து நாள் பறக்க மறுத்தார்கள். 2012 மே மாதம், பழைய ஏர் இந்தியா விமானிகள், புதிதாக வரும் ட்ரீம்லைனர் விமானங்களுக்கான பயிற்சியை அடுத்த தரப்புக்கும் பகிர்ந்து கொடுப்பதை எதிர்த்தார்கள். கல்யாணமான இரு வீட்டாருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல். இரண்டாவது போராட்டம் 58 நாள் நீடித்து ஜூலை 3 அன்றுதான் முடிந்தது. இரண்டும் கோடை விடுமுறையில். இடையில் 2010 மே 25, 26 தேதிகளில் பொறியாளர்களும் தரைப்பணியாளர்களும் வேலையை நிறுத்தியபோது நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மங்களூர் விமான விபத்து நடந்து அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

விடுமுறை பார்த்துத்தான் இவர்கள் கொடி பிடிக்கிறார்களா என்று பயணிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தொழிற்சங்கக்காரர்களைக் கேட்டால் பேச்சுவார்த்தை முறிந்த தேதிதான் போராட்டத் தேதி என்பார்கள். இரண்டும் உண்மைதான். யாரும் பறக்காத மாதத்தில் பறக்க மறுப்பதால் யாருக்கும் நெருக்கடி வராது என்பது சங்கத்துக்கும் தெரியும், நிர்வாகத்துக்கும் தெரியும். டிசம்பர் வரை இழுத்தடித்தால் டிசம்பரில் என்ன நடக்கும் என்று தெரிந்தே நிர்வாகங்கள் இழுத்தடிப்பதுண்டு. பழி மட்டும் ஒரு பக்கமாகப் போய்ச் சேரும்.

2012 போராட்டத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த விமானிகள் வேலைநிறுத்தம் என்று அறிவித்துவிட்டு வெளியேறவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கூட்டமாக விடுப்பு எடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 மே 7 இரவிலிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் பணியாளர்கள் செய்ததும் அதுதான். நூற்றுக்கணக்கான கேபின் ஊழியர்கள் ஒரே சமயத்தில் நோய்விடுப்பு. அடுத்தடுத்த நாட்களில் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் பறக்கவில்லை. அது வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் நம் சாதாரண ஜனங்கள் ஏறும் விமானம். பள்ளி விடுமுறைக் காலம். பெட்டியோடு விமான நிலையத்துக்கு வந்த பிறகே விஷயம் தெரிந்தவர்கள் தென்னிந்தியா முழுக்க இருந்தார்கள். நிர்வாகம் 25 பேரை வேலையை விட்டு நீக்கியது. மே 9 அன்று தில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்து, நீக்கம் திரும்பப் பெறப்பட்டு, ஊழியர்கள் திரும்பினார்கள். இரண்டு நாளில் பேசி முடிக்க முடிந்த விஷயத்தை அதற்கு முந்தைய மாதங்களில் ஏன் பேசி முடிக்க முடியவில்லை என்பதற்கு எவரும் பதில் சொல்லவில்லை. அந்த நிறுவனம் அப்போது அரசுடையதும் இல்லை. விற்றுக் கைமாறி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஏன் எல்லோருக்கும் ஒரே இரவில் காய்ச்சல் வருகிறது? காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1947-இன் தொழில் தகராறுச் சட்டம் விமானப் போக்குவரத்தைப் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று வகைப்படுத்தியது. அதில் வேலை செய்கிறவர்கள் நோட்டீஸ் கொடுத்துப் பதினான்கு நாள் பொறுத்துத்தான் வேலையை நிறுத்தலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் கொடுத்த மாத்திரத்தில் சமரசப் பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போது வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். பேச்சு முடிந்த பிறகும் ஏழு நாளுக்குத் தடை. ஆக, ஒழுங்காக நோட்டீஸ் கொடுக்கிறவர் ஒருநாளும் ஒழுங்காக வேலைநிறுத்தம் செய்ய முடியாது. அதற்கு மேல் அத்தியாவசியச் சேவைகள் பராமரிப்புச் சட்டமான எஸ்மா என்ற கத்தி தனியாகத் தொங்குகிறது. முன்கூட்டிச் சொன்னால் கழுத்து போகும், சொல்லாமல் படுத்துக்கொண்டால் ஒருவேளை தப்பலாம் என்ற நிலையில் மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் வேறு விதத்தில் கிடைத்தது. 2003 ஜூலையில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தை அடக்க ஜெயலலிதா அரசு எஸ்மாவின் தமிழ்நாட்டு வடிவமான டெஸ்மாவைப் பயன்படுத்தி சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வேலையைவிட்டு நீக்கியது. டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்டப்படியான உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் போராட்டம் ஓயவில்லை என்பதைப் பொங்கல் நேரத்துப் பேருந்து நிலையங்கள் பார்த்தன.

இங்கே பேருந்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திருச்சி விமான நிலையம் திருச்சிக்கு மட்டுமானதில்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், காரைக்குடி, அரியலூர் என்று காவிரிப் படுகையும் செட்டிநாடும் சேர்ந்து பயன்படுத்தும் வாசல் அது. 2018 ஜனவரி 4 மாலை அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர்கள் ஊதிய ஒப்பந்தத்தில் 2.57 பெருக்கல் காரணி கேட்டு, 2.44 தான் என்று சொன்ன அரசுக்கு எதிராகப் பேருந்துகளை நிறுத்தினார்கள். எட்டு நாள். தற்காலிக ஓட்டுநர்களை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஈ. பத்மநாபனை நடுவராக நியமித்ததும், ஜனவரி 11 இரவு போராட்டம் முடிந்தது. பொங்கலுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அந்த வாரம் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஊர் திரும்பியவருக்கு விமானம் சரியாகத்தான் இறங்கியிருக்கும். வாசலுக்கு வந்த பிறகுதான் ஊருக்குப் போக வழியிருக்காது. வாடகைக் கார் கேட்கும் தொகை சில சமயம் மலிவு டிக்கெட்டை நெருங்கும். 2024 ஜனவரி 9-இல் மறுபடியும் பொங்கலுக்கு முன் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆனால் இந்த முறை நோட்டீஸ் முன்கூட்டியே வந்திருந்தது. மாற்று ஏற்பாடு இருந்தது. மறுநாளே உயர் நீதிமன்றத்தில் பேசி ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு பொங்கலையும் அனுபவித்த பயணிகளிடம் எது தேவலை என்று கேட்க வேண்டியதே இல்லை.

     

திருச்சிக்காரர்களுக்கு வேலைநிறுத்தம் ஏதோ வெளியூர் வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் பொன்மலை. 1928-இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின் களங்களில் ஒன்று. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள்மீது மலபார் சிறப்புப் போலீசார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே செங்கொடி ஏறுகிறது. 1974 மே மாதம் நாடு தழுவிய ரயில் வேலைநிறுத்தம் இருபது நாள் நடந்தபோது பொன்மலைக் குடியிருப்புகளில் அடுப்பு எரிந்ததும் எரியாததும் தனிக் கதை. பிறகு பெல் வந்தது, துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. அந்தத் தொழிற்சாலையை 2021-இல் பொதுத்துறை நிறுவனத்தின்கீழ் கொண்டுவந்தபோது, போராட்டத்தைத் தடுக்கவே அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள்.

இதனால் திருச்சியில் 'ஸ்ட்ரைக் பண்ணுகிறவன்' ஒரு ஜாதி, 'ஃபிளைட் பிடிக்கிறவன்' இன்னொரு ஜாதி என்று பிரிக்க முடியாது. அப்பா பெல்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், சங்கச் சந்தா கட்டியவர், வாயிற்கூட்டத்தில் கோஷம் போட்டவர். மகன் ஜூரோங்கிலோ துபாயிலோ. மகள் நியூஜெர்சி. அப்பாவின் போனசும் ஊதிய ஒப்பந்தமும் படிக்க வைத்த பிள்ளைதான் இன்று விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "இவனுகளை எல்லாம் டிஸ்மிஸ் பண்ணணும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறது. அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை.

டிஸ்மிஸ் செய்து பார்த்தவர்களும் உண்டு. 1981 ஆகஸ்டில் அமெரிக்க விமானக் கட்டுப்பாட்டாளர்கள் வேலையை நிறுத்தியபோது ரொனால்டு ரீகன் 11,345 பேரை நீக்கினார். அவ்வளவு அனுபவமும் ஒரே நாளில் போனதால் கட்டுப்பாட்டாளர் எண்ணிக்கையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆயின. அங்கே அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய இன்றும் தடை. 2025 இலையுதிர் காலத்தில் அரசு நிதி 43 நாள் முடங்கிச் சம்பளம் நின்றுபோனபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. பலருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. முக்கிய விமான நிலையங்களில் விமானங்களின் எண்ணிக்கையை அரசே குறைக்க வேண்டி வந்தது. தடை போட்ட இடமெல்லாம் காய்ச்சல் வருகிறது.

ஐரோப்பாவில் இதையே வேறுமாதிரி கையாள்கிறார்கள். இத்தாலியில் 1990-இன் சட்டத்தின் தொடர்ச்சியாக, ஜூலை 27 முதல் செப்டம்பர் 5 வரை விமானத் துறையில் வேலைநிறுத்தம் கிடையாது. மற்ற நாட்களில் நிறுத்தினாலும் காலை 7 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் விமானங்கள் பறந்தாக வேண்டும். பிரான்ஸில் விமானத் துறை ஊழியர் தனித்தனியாக 48 மணி நேரத்துக்கு முன் தான் கலந்துகொள்வதைச் சொல்ல வேண்டும். எத்தனை விமானங்களைக் குறைப்பது என்று அரசு முன்கூட்டியே நிறுவனங்களுக்குச் சொல்கிறது. 2025 ஜூலை 3, 4 தேதிகளில் அங்கே கட்டுப்பாட்டாளர்கள் நிறுத்தியபோது கோடை விடுமுறைக் கூட்டம் சின்னாபின்னமானது என்பதும் உண்மைதான். முன்னறிவிப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ஆனால் 2022 கிறிஸ்துமஸில் பிரிட்டனின் எல்லைக் காவல் ஊழியர்கள் ஹீத்ரோ, கேட்விக் உட்பட ஆறு விமான நிலையங்களில் எட்டு நாள் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே அறிவித்திருந்ததால் ராணுவத்தினரையும் பிற அலுவலர்களையும் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார்கள். பயந்த அளவுக்கு வரிசை நீளவில்லை.

இத்தாலி பாணியில் மார்கழிக்கும் பொங்கலுக்கும் இங்கே ஒரு விலக்கு வைத்துவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. நெருக்கடி கொடுக்க முடிகிற நாட்களை ஊழியரிடமிருந்து எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடாகக் கட்டாய நடுவர் தீர்ப்பையும் அதற்கு ஒரு காலக்கெடுவையும் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் முதல் பாதியை அடுத்த கூட்டத்தொடரிலேயே சட்டமாக்குவார்கள். இரண்டாம் பாதிக்குக் குழு அமைப்பார்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏயின் விதிப்படி, போதிய அவகாசம் கொடுக்காமல் விமானத்தை ரத்து செய்தால் பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை அதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைவான தொகைதான். ஆனால் அதே விதியில் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. இயற்கைப் பேரிடர், உள்நாட்டுப் போர், கலவரம், வெள்ளம், குண்டுவெடிப்பு, அவற்றோடு வேலைநிறுத்தமும் தொழில் தகராறும். இவற்றால் ரத்தானால் இழப்பீடு தர வேண்டியதில்லை. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அல்லது வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் கடமை தீர்ந்தது. தன் ஊழியரோடு தான் ஒப்பந்தம் போடாமல் விட்டதும் நிலநடுக்கமும் ஒரே வரிசையில். ஐரோப்பிய நீதிமன்றம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 2016 அக்டோபரில் ஜெர்மனியில் டூயிஃப்ளை விமான நிறுவன ஊழியர்கள் மறுசீரமைப்புச் செய்தி கேட்டுக் கூட்டமாக நோய்விடுப்பில் போனார்கள். விடுமுறை நேரம். அது நிர்வாகத்தின் சாதாரண நடவடிக்கைகளில் உள்ளடங்கியதே, அசாதாரணச் சூழ்நிலை ஆகாது என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. 2021-இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் விமானிகளின் முறையான வேலைநிறுத்தத்துக்கும் அதே விடை. 250 யூரோ முதல் 600 யூரோ வரை பயணிக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தாக வேண்டும் என்று வந்துவிட்டால் பேச்சுவார்த்தை மேசைக்கு நிர்வாகம் சீக்கிரம் வந்து உட்காரும் என்பது என் கணிப்பு.

வேலைநிறுத்தமே இல்லாமலும் நிர்வாகத்தின் அலட்சியம் பயணங்களைக் கெடுக்கும் என்பதை 2025 டிசம்பர் காட்டியது. விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. வார ஓய்வு முதல் கட்டத்திலேயே 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்திருந்தது. இப்போது இரவுத் தரையிறக்கங்களும் குறைக்கப்பட்டன. உள்நாட்டுச் சந்தையில் பாதிக்கு மேல் வைத்திருக்கும் இண்டிகோ போதிய ஆள் எடுத்து வைத்திருக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்து. டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். எந்தச் சங்கமும் கொடி பிடிக்கவில்லை. யாரும் நோய்விடுப்பு எடுக்கவில்லை. ஐயப்ப சீசன் பயணங்களும் கல்யாண முகூர்த்தப் பயணங்களும் கலைந்தன. திருச்சியின் உள்நாட்டுச் சேவை பெரிதும் அந்த ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பதால், 1973-இல் இருந்த ஏகபோகம் வேறு நிறத்தில் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். விமானிகளின் ஓய்வு விதியிலிருந்து நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கும் கொடுத்தது. ஓய்வு கேட்டு விமானிகள் இரண்டு நாள் நின்றிருந்தால் எஸ்மா பாய்ந்திருக்கும்.

திருச்சிப் பயணி மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் இரண்டு டிக்கெட். சென்னை வரைக்கும் ஒரு நிறுவனம், அங்கிருந்து வெளிநாட்டுக்கு இன்னொன்று என்று மலிவு பார்த்துத் தனித்தனியாக எடுப்பது வழக்கம். முதல் விமானம் வேலைநிறுத்தத்தில் நின்றால் அதன் பணம் மட்டும் திரும்ப வரும். இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி. மொத்தப் பணமும் போய்விடும். ஒரே பிஎன்ஆரில் எடுத்திருந்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. பயணக் காப்பீட்டிலும் ஒரு பிடி இருக்கிறது. வேலைநிறுத்த அறிவிப்பு வந்த பிறகு எடுத்த பாலிசி பெரும்பாலும் அந்த வேலைநிறுத்தத்துக்குச் செல்லாது. விவரம் தெரிந்த டிராவல்ஸ்காரர்கள் மார்கழியில் வெளிநாட்டு விமானத்துக்கு முந்தைய நாளே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிவிடச் சொல்வது அதனால்தான்.

இப்போது இரண்டு விஷயங்கள் நிலுவையில் இருக்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. பதினான்கு நாள் நோட்டீஸ் இப்போது எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்று எழுதிவிட்டார்கள். பேச்சு நடக்கும்போது நிறுத்தக் கூடாது என்ற பழைய முட்டுக்கட்டை அப்படியே இருக்கிறது. நோட்டீஸ் கொடுப்பவருக்கு எந்தப் பலனும் வைக்காமல் விடுப்பு எடுப்பவருக்குத் தண்டனையை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். மருத்துவச் சான்றிதழோடு வரும் நோய்விடுப்பை என்ன செய்வது என்பது அடுத்த வழக்கில்தான் தெரியும்.

இரண்டாவது, திருச்சி விமான நிலையமே. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட பணமாக்கல் திட்டத்தில் தனியாருக்குக் குத்தகைக்கு விட வேண்டிய 25 விமான நிலையங்களில் திருச்சியும் ஒன்று. 2006 பிப்ரவரியில் தில்லி, மும்பை நிலையங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து விமான நிலைய ஆணைய ஊழியர்கள் நான்கு நாள் நிறுத்தியபோது விமானங்கள் பறந்தன, கழிவறைகள்தான் நாறின. கட்டுப்பாட்டுக் கோபுரம் வேலை செய்துகொண்டிருந்ததே காரணம். ஸ்ரீரங்கம் கோபுரச் சாயலில் ஆயிரம் கோடிக்கு மேல் செலவழித்து எழுப்பி, 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் நாளைக்குக் குத்தகைக்குப் போனாலும், கட்டுப்பாட்டுக் கோபுரமும் சோதனை வாயிலும் சுங்கமும் மத்திய அரசிடமே இருக்கும். முனையத்தைத் துடைக்கிறவரும் பெட்டி தூக்குகிறவரும் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருப்பார்கள். அவர்கள் நோட்டீஸ் கொடுப்பதானால் குத்தகைதாரரிடமா, துணை ஒப்பந்தக்காரரிடமா, ஆணையத்திடமா என்பதையும், அன்று பறக்க முடியாத பயணி யாரிடம் போய்க் கேட்பது என்பதையும் குத்தகை ஆவணத்தில் எழுதிவைக்க இன்னும் நேரம் இருக்கிறது.